லீன் கோடும் ரிச் கோடும் சேர்ந்து வந்தால்: ஆக்சிஜன் சென்சார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோட் "பெட்ரோல் போதவில்லை" (லீன்) என்கிறது, அடுத்தது "பெட்ரோல் அதிகம்" (ரிச்) என்கிறது. இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது, ஓ2 சென்சாரை, அதாவது ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடுவது. ஒரு வாரத்தில் அதே லைட் மறுபடி எரியும். சென்சார் விலை கொஞ்சநஞ்சமல்ல என்பதால், வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம். எல்லாம் பெட்ரோல் இன்ஜின் கார்களுக்கானவை; டீசலுக்குப் பொருந்தாது.

ஒரே இன்ஜினில் லீனும் ரிச்சும் எப்படிச் சேர்ந்து வரும்? ஸ்கேனர் தப்பாகக் காட்டுகிறதா?

ஸ்கேனர் பெரும்பாலும் சரியாகத்தான் காட்டுகிறது. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சாதாரண ஜிர்கோனியா சென்சார், ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், தீர்ந்துபோயிருந்தால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். நடுக்கோடு 0.45 வோல்ட். பெட்ரோலில் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்ற கலவை அந்த நடுக்கோட்டில் நிற்கும்.

கோடுகளில் இரண்டு ஜாதி உண்டு. பி0131, பி0132, பி0137, பி0138 போன்றவை சென்சார் வயரில் வந்த வோல்டேஜைப் பற்றியவை. பி0171, பி0172 அப்படியல்ல. சென்சார் சொன்னதைக் கேட்டு ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ எல்லையைத் தொட்டுவிட்டது என்பதுதான் அவற்றின் அர்த்தம். அந்த எல்லை பல வண்டிகளில் 25 சதவீதம் அளவில் இருக்கும்.

இப்போது பி0171, பி0138 இரண்டும் சேர்ந்து வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முன் சென்சார் "லீன்" என்றது, ஈசியூ பெட்ரோலைக் கொட்டியது, கொட்டிய பெட்ரோலைப் பின் சென்சார் பார்த்து "ரிச்" என்றது. இரண்டு கோடும் உண்மை. ஒன்று புகாரைச் சொல்கிறது, மற்றது அதற்கு ஈசியூ கொடுத்த மருந்தின் விளைவைச் சொல்கிறது. தேட வேண்டியது முதல் புகார் நிஜமா, பொய்யா என்பதை.

பேங்க் 1, சென்சார் 2 என்பதெல்லாம் எது?

முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1. கேட்கானுக்கு (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு) முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. நம்மூரில் ஓடும் மூன்று, நான்கு சிலிண்டர் கார்களில் பேங்க் 1 மட்டும்தான். வி6, வி8, பாக்ஸர் இன்ஜின்களில் இரண்டு பேங்க். சில நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்களிலும் மேனிஃபோல்டு இரண்டாகப் பிரிந்திருப்பதால் இரண்டு பேங்க் உண்டு.

பி0130 முதல் பி0135 வரை பேங்க் 1 முன் சென்சார். பி0136 முதல் பி0141 வரை அதன் பின் சென்சார். பி0150 முதல் பி0155 வரை பேங்க் 2 முன், பி0156 முதல் பி0161 வரை பேங்க் 2 பின். ஒவ்வொரு கூட்டத்திலும் வரிசை ஒன்றுதான்: சர்க்யூட் கோளாறு, வோல்டேஜ் குறைவு, வோல்டேஜ் அதிகம், மெதுவான பதில், அசைவே இல்லை, ஹீட்டர். பி0171, பி0172 பேங்க் 1இன் லீன், ரிச். பேங்க் 2க்கு அவையே பி0174, பி0175.

ஐந்தாறு கோட் இருக்கிறது. எதில் தொடங்குவது?

எதையும் அழிக்காமல் தொடங்குங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டும் பழக்கம் இந்த வேலைக்கு எதிரி. ஃப்ரீஸ் ஃப்ரேமும் கற்றுக்கொண்ட ஃப்யூயல் ட்ரிம்மும் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் சதவீதம்) அதோடு போய்விடும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது கோட் விழுந்த நொடியில் இன்ஜின் இருந்த நிலை. ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பம், வண்டி வேகம், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள்.

பிறகு ஹீட்டர், சர்க்யூட் கோடுகளை முதலில் தீருங்கள். ஜிர்கோனியா சென்சார் சுமார் 350 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஹீட்டர் செத்திருந்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சென்சார் குளிர்ந்து, "மெதுவான பதில்", "அசைவு இல்லை" என்று உபரி கோடுகள் விழும். அடுத்தது மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது, பி0300 வகை. மூன்றாவது ஏர்ஃப்ளோ (உள்ளே போகும் காற்றின் அளவு), மேப் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம்), கூலன்ட் சென்சார் கோடுகள். அதன் பிறகுதான் லீன், ரிச். கடைசியில் பி0420, அதாவது கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட். வரிசையைத் தலைகீழாகப் பிடித்து கேட்கானில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

முன் சென்சார் லீன் என்கிறது, பின் சென்சார் ரிச் என்கிறது. யாரை நம்புவது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முன் சென்சார் பொய்யாக லீன் சொல்ல மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சென்சாருக்கு முன்னால் புகை கசிவது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல், ஊதிப்போன கேஸ்கெட், தளர்ந்த ஸ்டட். "உள்ளே அழுத்தம்தானே இருக்கிறது, புகை வெளியேதானே போகும்" என்று தோன்றும். ஆனால் புகை ஒரே சீராக வருவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நொடியில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். ஐடிலில் இது அதிகம். ரேஸ் கொடுத்தால் குறையும். ஐடிலில் ட்ரிம் +20, 2500 ஆர்பிஎம்மில் +5 என்று இருந்தால் வேக்யூம் லீக்கை (இன்டேக் பக்கத்து ஓட்டை வழியாகக் காற்று நுழைவதை) மட்டும் தேடாமல் இதையும் தேடுங்கள்.

கண்டுபிடிக்கும் வழி: இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் காது கொடுங்கள். "டிக் டிக்" என்ற சத்தம் சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறது என்று பொருள். இணைப்புகளில் கறுப்புப் புகைக்கரி கோடு போட்டிருக்கும். சத்தமும் இல்லை, கரியும் இல்லை என்றால், குளிர்ந்த இன்ஜினை நிறுத்தி வைத்து, வேக்யூம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான் ஓட்டை. ஸ்மோக் மெஷின் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை இன்னும் சுலபம்.

இரண்டாவது, மிஸ்ஸிங். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றால் அந்த சிலிண்டரின் பெட்ரோலும் வெளியே வருகிறது, ஆக்சிஜனும் வெளியே வருகிறது. சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும். "லீன்" என்கிறது. ஈசியூ எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்றும் இப்போது ரிச்சாகின்றன. எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து அதைச் சிவக்கக் காய்ச்சுகிறது. மலிவான பிளக் செட் தள்ளிப்போடப்பட்டுக் கேட்கானில் முடிவது இந்த வழியில்தான்.

மூன்றாவது, சென்சாரோ அதன் வயரோ உண்மையிலேயே கெட்டுப்போய்க் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது.

மூன்றையும் பிரிக்க: இன்ஜினைச் சூடாக்கி 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அரை நொடி விட்டு விட்டு அடியுங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் அதைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும், கம்பியில் படக்கூடாது. சூடான மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும் பொருள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். முன், பின் இரண்டு சென்சாரும் 0.8 வோல்ட்டுக்கு மேலே தாவினால் சென்சார்கள் உயிரோடு இருக்கின்றன. கசிவையும் மிஸ்ஸிங்கையும் தேடுங்கள். பின் சென்சார் 0.9இல் நிற்க முன் சென்சார் 0.1இலேயே கிடந்தால், குற்றவாளி முன் சென்சார் அல்லது அதன் வயர்.

இன்னொரு சாட்சி புகைப் பரிசோதனைக் கருவி. நான்கு வாயு காட்டும் கருவியில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) அதிகம், ஆக்சிஜன் அரை சதவீதத்துக்குள் என்றால் நிஜமாகவே ரிச். சிஓ கிட்டத்தட்ட பூஜ்யம், ஆக்சிஜன் அதிகம் என்றால் நிஜமாகவே லீன். இரண்டும் சேர்ந்து அதிகமாக இருந்தால் கசிவு அல்லது மிஸ்ஸிங். கூடவே ஹெச்சியும் (எரியாத பெட்ரோலும்) எகிறியிருந்தால் மிஸ்ஸிங். கேட்கான் நன்றாக இருந்தால் சிஓவைத் தின்றுவிடும் என்பதால், இன்ஜின் சூடாகும் முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளந்து பாருங்கள். சாதாரண பியூசி சீட்டில் சிஓ, ஹெச்சி இரண்டு மட்டும் இருக்கலாம். கருவியின் திரையில் மற்றவையும் இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வி6 இன்ஜின். பேங்க் 1 லீன், பேங்க் 2 ரிச். சமீபத்தில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றினார்கள். தொடர்பு இருக்குமா?

இருக்கும். இரண்டு முன் சென்சார் கப்ளர்களையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரே வடிவம், ஒரே நீளம் என்பதால் இது சர்வ சாதாரணமாக நடக்கும்.

மாறியிருந்தால் ஒரு விசித்திரமான சுழல் உருவாகும். பேங்க் 1 கொஞ்சம் லீனாக இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி பேங்க் 2 பெயரில் போகிறது. ஈசியூ பேங்க் 2க்குப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அது ரிச்சாகிறது, அந்தச் செய்தி பேங்க் 1 பெயரில் போகிறது. ஈசியூ பேங்க் 1க்குக் குறைக்கிறது. ஏற்கெனவே லீனாக இருந்தது இன்னும் லீனாகிறது. சில நிமிடங்களில் ஒரு ட்ரிம் +25இலும் மற்றது −25இலும் போய் முட்டிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது நன்றாக ஓடி, க்ளோஸ்டு லூப்புக்குள் (சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைத் திருத்தும் நிலைக்குள்) போனதும் கெட்டால் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதனை எளிது. கோடை அழித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, பேங்க் 1இல் ஒரே ஒரு இன்ஜெக்டர் கப்ளரைப் பத்து நொடி கழற்றுங்கள். அந்த சிலிண்டரில் வெறும் காற்று வெளியேறும். பேங்க் 1 முன் சென்சார் லீன் காட்ட வேண்டும். பேங்க் 2 லீன் காட்டினால் கப்ளர் மாறியிருக்கிறது.

கப்ளர் சரியாக இருந்தும் இரு பேங்கும் எதிரெதிராகப் போனால், ஒரு பேங்கின் கேட்கான் அடைத்திருக்கலாம். ஏர்ஃப்ளோ சென்சார் மொத்தக் காற்றைத்தான் அளக்கிறது; இரு பக்கமும் சரிபாதி போகிறது என்று ஈசியூ நம்புகிறது. அடைத்த பக்கம் காற்று குறைவாக, பெட்ரோல் வழக்கம்போல: ரிச். காற்று தப்பித்துப் போகும் மறுபக்கம் லீன். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும் 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்து டைமிங் செயின் ஒரு பல் தாவியிருந்தாலும் இதே தோற்றம் வரும். அப்போது கேம் டைமிங் கோடும் கூடவே விழுவது வழக்கம்.

ஒரே பேங்கில் பி0171, பி0172 இரண்டும் சேமிப்பில் இருக்கின்றன. இது எப்படி?

ஒரே நேரத்தில் விழுந்தவை அல்ல. ஒன்று ஐடிலில் விழுந்திருக்கும், மற்றது நெடுஞ்சாலையில் விழுந்திருக்கும். அதனால்தான் ஃப்ரீஸ் ஃப்ரேமை அழிக்காதீர்கள் என்று சொன்னோம்.

அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் இதன் முதல் காரணம். கம்பியில் தூசும் எண்ணெயும் படிந்தால், குறைந்த காற்றில் கூடுதலாகவும் நிறையக் காற்றில் குறைவாகவும் அளக்கும். ஐடிலில் ரிச், இழுக்கும்போது லீன். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் மாட்டிய வண்டிகளில் இது சகஜம். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரைப் பத்துப் பதினைந்து முறை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்ப் கிளீனரோ துணியோ விரலோ வேண்டாம்.

இரண்டாவது, பலரும் தொடாத இடம்: பர்ஜ் வால்வு. டேங்கின் பெட்ரோல் ஆவியைக் கரிப்பெட்டியிலிருந்து இன்ஜினுக்கு இழுத்துவிடும் வால்வு அது. திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், டேங்கை நிரப்பிய அன்று ஆவி மிகுந்து ரிச். இரண்டு நாள் கழித்துக் கரிப்பெட்டி காலியானதும் வெறும் காற்று வந்து லீன். பங்க்கில் போட்டுவிட்டு வந்ததும் ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டினால் சந்தேகமே வேண்டாம். ஐடிலில், கரிப்பெட்டியிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரலை வைத்துப் பாருங்கள். கட்டளை 0% என்று ஸ்கேனர் காட்டும்போது உறிஞ்சினால் வால்வு சிக்கியிருக்கிறது.

மூன்றாவது, பெட்ரோல் அழுத்தம். பல எம்பிஎஃப்ஐ வண்டிகளில் இது 3 முதல் 4 பார். ஃபில்டர் அடைத்தோ பம்ப் களைத்தோ இருந்தால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போது லீனாகும். வேக்யூம் ஹோஸ் உள்ள ரெகுலேட்டரில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அந்த ஹோஸ் வழியாகவே உள்ளே போகும். ஹோஸைக் கழற்றினால் ஈரமோ வாசனையோ இருக்கும்.

இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தாலும் சூடான பின் பிசிவி (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) வழியாக ஆவி வந்து ரிச் காட்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயில் மாற்றுவதே சிகிச்சை.

வேக்யூம் லீக் என்றால் லீன்தானே? எங்கள் வண்டியில் ஹோஸ் வெடித்திருந்தும் ரிச் கோட் வருகிறதே?

உங்கள் வண்டி ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாத, மேப் சென்சார் வண்டியாக இருக்கும். இந்தியச் சிறிய கார்களில் பெரும்பாலும் அதுதான். மேப் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலை முடிவு செய்கிறது. காற்று எங்கே நுழைந்தாலும் அழுத்தம் உயரும், பெட்ரோலும் கூடும். ஆகவே லீனாவதற்குப் பதில் ஐடில் ஆர்பிஎம் ஏறும். மேப் சென்சாருக்கே போகும் ஹோஸ் வெடித்திருந்தால் இன்னும் மோசம்: லோடு ஏறிவிட்டதாக நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கொட்டும். ஏர்ஃப்ளோ வண்டிக்குச் சொல்லும் ட்ரிம் சூத்திரத்தை (ஐடிலில் ட்ரிம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்யூம் லீக்) இங்கே அப்படியே போட்டுப் பார்த்தால் வழி தவறும்.

பி0131, பி0132 மாறி மாறி வருகிறது. சென்சாரை மாற்றியும் தீரவில்லை.

ஒரே சென்சாருக்கு ஒருநாள் வோல்டேஜ் குறைவு, மறுநாள் அதிகம் என்றால் வயரிங்கைப் பாருங்கள். மேனிஃபோல்டு மேல் படுத்து உருகிய வயர், ஹீட்டரின் 12 வோல்ட் வயரோடு உரசினால் "அதிகம்", எர்த்தோடு உரசினால் "குறைவு". வயரைப் பிடித்து வைக்கும் கிளிப்பை மாட்டாமல் விட்ட வண்டிகளில்தான் இது நடக்கும். லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது கப்ளரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வயரை அசைத்துக்கொண்டே வாருங்கள்.

வாசிப்பு 0.45இல் சிலை மாதிரி நின்றால், பல வண்டிகளில் வயர் அறுந்தது என்று பொருள். ஈசியூ தானே அந்த வோல்டேஜை அனுப்பிப் பார்க்கிறது. ஜிர்கோனியா சென்சார் தானாக 1.1 வோல்ட்டைத் தாண்டாது. தாண்டினால் வெளியிலிருந்து கரண்ட் வருகிறது. சில கிரைஸ்லர் வண்டிகள் விதிவிலக்கு: அவற்றில் சிக்னலின் அடிக்கோடே 2.5 வோல்ட்.

எர்த்தையும் விடாதீர்கள். ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைச் சென்சாரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அரை வோல்ட்டை நடுக்கோடாக வைத்து வேலை செய்யும் சர்க்யூட்டில் 0.3 வோல்ட் நகர்ந்தால் லீன் ரிச்சாகிவிடும்.

ஈசியூ பக்கத்தைச் சோதிக்க: கப்ளரைக் கழற்றி, சாவி ஆன், வண்டிப் பக்கத்து சிக்னல் வயரை எர்த்தில் தொடுங்கள், ஸ்கேனர் பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு 1.5 வோல்ட் சுவர்க் கடிகார பேட்டரியின் பாசிட்டிவை சிக்னலிலும் நெகட்டிவை எர்த்திலும் வையுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசியூவும் வயரும் நலம். இது ஜிர்கோனியா சென்சாருக்கு மட்டும். வைட்பேண்டில் (அடுத்த கேள்வியில் வரும் ஏ/எஃப் சென்சாரில்) செய்தால் ஈசியூ போய்விடலாம்.

டொயோட்டாவில் முன் சென்சார் 3.3 வோல்ட் காட்டுகிறது. ஷார்ட்டா?

ஷார்ட் இல்லை. அது ஏ/எஃப் சென்சார், அதாவது வைட்பேண்டு. டென்சோவின் நான்கு வயர் ஏ/எஃப் சென்சாரில் 3.3 வோல்ட்தான் நடுக்கோடு. அதோடு திசையும் தலைகீழ்: வோல்டேஜ் ஏறினால் லீன், இறங்கினால் ரிச். பழைய பொது ஸ்கேனர்கள் அதை ஐந்தால் வகுத்து 0.66 என்று காட்டும். அதைச் சாதாரண சென்சார் என்று நினைத்துப் படித்தால் எப்போதும் ரிச் என்று தோன்றும். பின் சென்சார் வழக்கமான ஜிர்கோனியா. ஆக, இரண்டும் எதிரெதிரே அசைவதைப் பார்த்து "முரண்பாடு" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனரில் லாம்டா அல்லது ஈக்விவலன்ஸ் ரேஷியோ என்ற வரியைப் பாருங்கள், 1.00க்கு மேல் லீன், கீழே ரிச். மில்லிஆம்பியர் காட்டினால் பூஜ்யம் சமநிலை, பிளஸ் லீன், மைனஸ் ரிச்.

பி2195, பி2196 என்ற "லீனில் ஒட்டியது", "ரிச்சில் ஒட்டியது" கோடுகள் பெரும்பாலும் இவ்வகைச் சென்சார்களில்தான் வரும். விலை மலிவு என்று ஜிர்கோனியாவை இதன் இடத்தில் மாட்டினால், திருகு பொருந்தும், வேலை பொருந்தாது.

சென்சார்தான் கெட்டது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

இன்ஜின் சூடு, 2500 ஆர்பிஎம், இரண்டு நிமிடம். ஜிர்கோனியா முன் சென்சார் 0.2க்கும் 0.8க்கும் நடுவே நிமிடத்துக்குப் பல முறை ஏறி இறங்க வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் 0.8 தாண்ட வேண்டும். ஏர்ஃப்ளோ வண்டியில் ஒரு வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் நேரம் 100 மில்லிசெகண்டுக்குள். இதை ஸ்கேனரில் பார்க்க முடியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். இவற்றில் ஒன்று தவறி, வயரும் எர்த்தும் ஹீட்டரும் சரியாக இருந்தால் மாற்றுங்கள்.

மைனஸ் வோல்டேஜ் காட்டினால் சென்சாரின் உட்புற ஒப்பீட்டுக் காற்று (புகையோடு ஒப்பிட அது உள்ளே எடுக்கும் வெளிக்காற்று) கெட்டுவிட்டது. பல சென்சார்கள் அந்தக் காற்றை வயர் இழைகளின் இடுக்கு வழியாகவே எடுக்கின்றன. கப்ளரில் ஆயிலோ கிரீஸோ புகுந்தால் நடப்பது இதுதான்.

ஹீட்டரை எப்படிப் பார்ப்பது?

கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயருக்கு நடுவே ஓம் அளவிடுங்கள். போஷ் பாணியில் அவை இரண்டு வெள்ளை, டென்சோ பாணியில் இரண்டு கறுப்பு. குளிர்ந்த நிலையில் சாதாரண நான்கு வயர் சென்சாரில் ஏறத்தாழ 4 முதல் 15 ஓம், வைட்பேண்டில் 1 முதல் 4 ஓம். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. பி0135, பி0141 இரண்டும் ஒரே நாளில் வந்தால் இரண்டு சென்சார் ஒன்றாகச் சாகவில்லை. பொதுவான ஃபியூஸ் போயிருக்கிறது. ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றாதீர்கள்.

ஈ20 பெட்ரோலாலோ சிஎன்ஜி கிட்டாலோ இந்தக் கோடுகள் வருமா?

எத்தனாலுக்குத் தேவையான காற்று குறைவு: 1 கிலோவுக்குச் சுமார் 9 கிலோ. அதனால் ஈ10இல் 14.1 அளவில் இருக்கும் விகிதம் ஈ20இல் 13.5 அளவுக்கு இறங்குகிறது. ஈசியூ நான்கைந்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். அதுமட்டும் கோட் போடப் போதாது. ஆனால் சின்ன வேக்யூம் லீக்கோடு ஏற்கெனவே +18இல் ஓடிய வண்டி எல்லையைத் தாண்டும். பழி எத்தனால் மேல் விழும், பழுது பழையது.

சிஎன்ஜி வண்டியில் முதலில் 50 கிலோமீட்டர் பெட்ரோலில் மட்டும் ஓட்டுங்கள். பெட்ரோலில் ட்ரிம் சரியாக இருந்து கேஸில் கெட்டால் ரெடியூசர், கேஸ் ஃபில்டர், கிட் டியூனிங். வெளியில் மாட்டிய சில பழைய கிட்களில் ஓ2 சிக்னலைப் போலியாக ஈசியூவுக்கு அனுப்பும் எமுலேட்டர் இருக்கும். அது இருக்கும்வரை நீங்கள் பார்க்கும் வாசிப்பு சென்சாருடையதே அல்ல.

பெட்ரோலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தால் சென்சார் பிழைக்குமா?

பிழைக்காது. மேலே படிந்த கரி போகலாம்; அது நன்றாக ஓடும் இன்ஜினில் தானாகவே எரிந்துவிடும். சிலிக்கான், ஆயில் சாம்பல், கூலன்ட் படிவு போகாது.

நிறம் மட்டும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மொறுமொறுப்பான கறுப்பு என்றால் ரிச் ஓட்டம். வெள்ளைப் பொடி என்றால் சென்சாருக்கு ஒத்துவராத சிலிக்கான் பேஸ்ட் அல்லது ஹெட் கேஸ்கெட் வழியே கூலன்ட். பழுப்புச் சாம்பல் என்றால் ஆயில் எரிகிறது. காரணத்தை நிறுத்தாமல் புதுச் சென்சார் போட்டால் அதுவும் அதே நிறத்துக்கு வரும்.

புதிதாக மாட்டும்போது கவனிக்க வேண்டியவை?

பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் திருகு, 22 ஸ்பேனர், பக்கத்தில் வெட்டு உள்ள சாக்கெட். இன்ஜின் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால் திருகு கிழியாது. ஆன்டிசீஸ் (திருகு இறுகி ஒட்டாமல் இருக்கத் தடவும் பசை) திருகில் மட்டும்; புதுச் சென்சாரில் ஏற்கெனவே தடவியிருந்தால் அதுவும் வேண்டாம். இறுக்கம் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

கப்ளர் இல்லாத பொதுச் சென்சார் வாங்கினால் நிறத்தை மாற்றிப் படிக்க வேண்டும். போஷ் பாணியில் கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ பாணியில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த், கறுப்பு இரண்டும் ஹீட்டர். நிறத்தோடு நிறம் சேர்த்தால் சிக்னலில் 12 வோல்ட் ஏறிவிடும். சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள்; ஈயம் இழைகளுக்கு நடுவே ஓடி, மேலே சொன்ன காற்றுப் பாதையை அடைத்துவிடும்.

பி0420யும் கூடவே இருக்கிறது. கேட்கானையும் மாற்ற வேண்டுமா?

இப்போது வேண்டாம். லீன், ரிச், மிஸ்ஸிங் தீர்ந்து ட்ரிம் ±10க்குள் வந்த பிறகு, சூடான இன்ஜினில் பின் சென்சாரைப் பாருங்கள். 0.6 முதல் 0.8 வரை ஏறக்குறைய நிலையாக நின்றால் கேட்கான் நலம். முன் சென்சாரின் ஆட்டத்தை அப்படியே பிரதியெடுத்தால் கேட்கான் போய்விட்டது. அதிலும் கேட்கானுக்கும் பின் சென்சாருக்கும் நடுவே கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழுது பார்த்தாயிற்று. கோடை அழித்ததும் லைட் அணைந்துவிட்டது. போதுமா?

பல கோடுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறினால்தான் லைட்டைப் போடும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடம் சீராக ஓட்டி, நடுவில் ஒருமுறை ஆக்சிலரேட்டரை விட்டு உருளவிடுங்கள். மறுநாளும் அதேபோல். பிறகு ஸ்கேனரில் பெண்டிங் கோட் இருக்கிறதா, ஆக்சிஜன் சென்சார், கேட்டலிஸ்ட் மானிட்டர்கள் "கம்ப்ளீட்" ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் எழுதி வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமில் 2800 ஆர்பிஎம், 70 சதவீத லோடு என்று இருந்தால், சமதளத்தில் ஓட்டிப் பயனில்லை; ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலமோ மேடோ ஏறி, அந்த நிலையில் ட்ரிம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.